பிக்ஹார்ன் கிடாவின் வயதைக் கொம்பில் எண்ணுவது எப்படி?

கொம்பு பெரிதாக இருந்தால் கிடாவுக்கு வயது அதிகம் என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கனடாவின் கல்கரிக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டு நவம்பரில் ரேடியம் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போயிருந்தோம். குளிர்காலம் நெருங்கும்போது பிக்ஹார்ன் என்ற காட்டுச் செம்மறிகள் மலையிலிருந்து இறங்கி அந்த ஊரின் தெருக்களிலேயே மேயும். ஒரு வீட்டுப் புல்வெளியில் இரண்டு கிடாக்கள் நின்றன. ஒன்றின் கொம்பு அழகாக வளைந்து, கூரிய நுனி கண் மட்டத்துக்கு ஏறியிருந்தது. மற்றதன் கொம்பு இரண்டு பக்கமும் நுனி உடைந்து மொண்ணையாக இருந்தது. அழகாக வளைந்ததுதான் மூத்தது என்று மகளிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து, எடுத்த படங்களைப் பெரிதாக்கி வளையங்களை எண்ணினேன். அழகான கிடாவுக்கு 5 வளையம். மொண்ணைக் கொம்பனுக்குக் கண்ணுக்குத் தெரிந்தவை மட்டும் 8. உடைந்துபோன நுனியோடு போனவை தனி.

அன்றிலிருந்து கொம்பின் அளவையும் வளைவையும் பார்த்து வயது சொல்வதை விட்டுவிட்டேன். வளைவு காட்டுவது அந்த விலங்கு எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதை. வயதைக் காட்டுவது வளையம். புதிதாகக் கற்க வருகிறவர்கள் இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதாக வந்துவிடும்.

முதலில், கொம்பு எப்படி வளர்கிறது

மான்களில் பல இனங்களின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். அதில் வயதை எண்ண முடியாது. செம்மறியின் கொம்பு வாழ்நாள் முழுவதும் ஒன்றேதான். உள்ளே எலும்புத் தண்டு. அதன் மேல், நம் நகமும் ஆட்டின் குளம்பும் எதனால் ஆனவையோ அதே கெரட்டினால் ஆன உறை. நாம் கொம்பு என்று பார்ப்பது இந்த உறையைத்தான். இறந்த விலங்கின் மண்டையோடு நன்றாகக் காய்ந்த பிறகு இந்த உறையைத் தனியாகக் கழற்றிவிடலாம். உள்ளே கூம்புபோல வெறுமையாக இருக்கும்.

வளர்ச்சி நடப்பது அடியில். ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய கூம்பு அடியில் உருவாகி, பழைய கூம்புகளை வெளியே தள்ளுகிறது. தென்னை மரத்தில் மட்டை விழுந்த வடுக்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பழையது கீழே, புதியது உச்சியில். கொம்பில் தலைகீழ். நுனிதான் குட்டிப் பருவம். மயிரைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பகுதி இந்த ஆண்டுடையது.

வளையம் விழுவதற்குக் காரணம் குளிர்காலம். ராக்கி மலைகளில் பிக்ஹார்ன் குட்டிகள் பெரும்பாலும் மே இறுதியிலும் ஜூனிலும் பிறக்கின்றன. பசும்புல் கிடைக்கும் வசந்தத்திலும் கோடையிலும் கொம்பு விறுவிறுவென்று வளரும். இலையுதிர் காலத்தில் வேகம் குறையும். நவம்பர், டிசம்பர் இணைசேரும் பருவம். வளர்ந்த கிடாக்கள் அப்போது மேய்ச்சலைக் குறைத்துக்கொண்டு பெட்டைகளின் பின்னால் அலையும், ஒன்றோடொன்று மோதும். அதைத் தொடர்ந்து பனி. கொம்பு வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வசந்தத்தில் மீண்டும் தொடங்கும்போது பழைய விளிம்புக்குக் கீழிருந்து புதிய கூம்பு வெளிப்படுகிறது. இரண்டும் சேரும் இடத்தில் கொம்பைச் சுற்றி ஒரு பள்ளம் விழுகிறது. அதுதான் ஆண்டு வளையம். ஒரு வளையம் என்றால் ஒரு குளிர்காலம்.

வளையத்துக்கும் வளையத்துக்கும் இடைப்பட்ட பகுதியைக் கரும்பில் சொல்வதுபோலக் கணுவிடை என்று வைத்துக்கொள்வோம். பின்னால் நிறையத் தேவைப்படும்.

படி 1: கையில் ஒரு கொம்பை வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள்

தொலைநோக்கியில் தொடங்காதீர்கள். விரலால் தடவிப் பழகாத கண்ணுக்கு வளையமும் சுருக்கமும் ஒன்றாகத்தான் தெரியும். பூங்காக்களின் தகவல் மையங்களிலும் அருங்காட்சியகங்களிலும் தொட்டுப் பார்ப்பதற்கென்றே மண்டையோடுகள் வைத்திருப்பதுண்டு. கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். காட்டில் கிடக்கும் கொம்பை எடுத்துக்கொண்டு வரலாமா என்று பலர் கேட்கிறார்கள். கனடாவின் தேசியப் பூங்காக்களில் கூடாது. அங்கே ஒரு கல்லைக்கூட எடுத்துவரச் சட்டம் அனுமதிப்பதில்லை. மற்ற இடங்களில் அந்தந்த மாகாண வனவிலங்குத் துறையைக் கேட்ட பிறகே தொடுங்கள்.

தேவையானவை: தையற்காரர் வைத்திருக்கும் நாடா, ஒரு சாக்பீஸ், ஒரு டார்ச், நோட்டுப் புத்தகம். பெரிய கிடாவின் மண்டையோடும் கொம்பும் சேர்ந்து 13 கிலோவுக்கு மேல்கூட இருக்கும். ஆகவே மேசையில் கிடத்தி வைத்துப் பாருங்கள். அறை விளக்கைக் குறைத்துவிட்டு டார்ச் ஒளியைக் கொம்பின் மேல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேர் ஒளியில் மறைந்திருந்த பள்ளங்கள் நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

படி 2: நுனியைத் தேடுங்கள்

எண்ணிக்கை நுனியிலிருந்து தொடங்க வேண்டும். குட்டிப் பருவத்து நுனி இருக்கிறதா, உடைந்து போயிற்றா என்பது முதற் கேள்வி. உடையாத நுனி மெலிந்து கூராக இருக்கும். அதிலிருந்து சற்றுக் கீழே முதல் குளிர்காலத்தின் வளையம். அது பெரும்பாலும் மங்கலானது. ஆறேழு மாதக் குட்டியின் சிறு கொம்பில் விழுந்த கோடு, பல ஆண்டு உராய்வில் தேய்ந்திருக்கும். புதியவர்கள் விட்டுவிடுவது இந்த வளையத்தைத்தான். கொம்பு அந்த இடத்தில் திடீரென்று பருமனாவதைக் கவனித்தால் பிடித்துவிடலாம்.

இரண்டாவது வளையம் அதைவிட நன்றாகத் தெரியும். மூன்றாவது, நான்காவது குளிர்காலங்களிலிருந்து வளையங்கள் ஆழமும் கருமையும் பெறுகின்றன. கிடா அந்த வயதில்தான் இணைசேரும் பருவத்தின் அலைச்சலுக்குள் இறங்குகிறது. பார்த்தவுடன் பளிச்சென்று தெரியும் முதல் பெரிய வளையத்தை ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்காதீர்கள். பிக்ஹார்னில் அது பெரும்பாலும் மூன்றோ நான்கோ ஆக இருக்கும்.

படி 3: ஒவ்வொரு வளையத்தையும் விரலால் சுற்றி வாருங்கள்

சாக்பீஸால் சந்தேகமானவை உட்பட எல்லாக் கோடுகளையும் குறியுங்கள். பிறகு ஒவ்வொன்றாக விசாரியுங்கள்.

உண்மையான ஆண்டு வளையம் கொம்பைச் சுற்றி முழுதாக வரும். நகத்தைப் பள்ளத்தில் வைத்து, கொம்பின் வெளிப்புறத்திலிருந்து பின்புறம் வழியாக உட்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும். பாதி வழியில் நகம் வழுக்கிச் சமதளத்துக்கு வந்துவிட்டால் அது வெறும் சுருக்கம். கணுவிடைகளில் இப்படிப்பட்ட சிறு சுருக்கங்கள் ஏராளமாக இருக்கும். ஆண்டுக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை.

நிறத்தை நம்பாதீர்கள். கிடாக்கள் மரத்திலும் புதரிலும் கொம்பைத் தேய்க்கும். பிசினும் மண்ணும் அப்பிக் கரிய கோடுகள் விழும். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தால் சில ‘வளையங்கள்’ அப்படியே துணியோடு வந்துவிடும். பள்ளம் இருக்கிறதா என்பதே கேள்வி.

கொம்பின் முன்பக்கத்தையும் அதிகம் நம்பக்கூடாது. மோதலில் அடி வாங்குவது அந்தப் பக்கம். வயதான கிடாவில் அது சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வளையங்களை அழித்திருக்கும். முகத்தை ஒட்டிய உட்புறத்தில் பாருங்கள். முன்பக்கம் குழம்பிக் கிடந்த கணக்கு அங்கே தெளிவாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 4: கணுவிடையை அளந்து பாருங்கள்

எண்ணுவதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால், பிழையைக் காட்டிக்கொடுக்கும் படி இதுதான். மற்ற எதற்கும் நேரமில்லை என்றாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

கிடாவின் கொம்பு வளர்ச்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் ஆண்டு சிறியது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளின் கணுவிடைகளே மிக நீளமானவை. செழிப்பான மேய்ச்சலில் ஒரு சாணை நெருங்கும். அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே வந்து, முதிர்ந்த கிடாவின் அடிப்பகுதியில் ஆண்டுக்கு இரண்டு மூன்று விரல்கடை, சில சமயம் அதைவிடக் குறைவு. நாடாவைக் கொம்பின் வெளிவளைவில் வைத்து ஒவ்வொரு கணுவிடையையும் அளந்து வரிசையாக எழுதுங்கள்.

கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கொம்பில் நுனிப் பகுதிக்கு அடுத்து 18, 16, 13, 5, 6, 8, 6 சென்டிமீட்டர் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 13-க்குப் பிறகு 5 என்று விழுந்து, 6-க்குப் பிறகு மறுபடி 8-க்கு ஏறுகிறது. ஒழுங்கு குலைந்த இடம் அது. 5-ஐயும் 6-ஐயும் கூட்டினால் 11. இப்போது 18, 16, 13, 11, 8, 6 என்று வரிசை சீராக இறங்குகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே நீங்கள் குறித்தது பொய் வளையமாக இருக்க வாய்ப்பு அதிகம். உடனே சாக்பீஸ் குறியை அழித்துவிடாமல், அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் நகத்தால் சுற்றிப் பாருங்கள். பள்ளம் முழுச் சுற்று வரவில்லை என்றால் அழியுங்கள். முழுச் சுற்று வந்தால் அது உண்மையான வளையம்தான். வறட்சியோ நோயோ அந்த ஆண்டு வளர்ச்சியைக் குறைத்திருக்கலாம். அளவு சந்தேகத்தை எழுப்பும், விரல் தீர்ப்புச் சொல்லும்.

எதிர்த் திசையிலும் இதே முறை. 9, 8, 14, 6 என்று வந்தால் 14-க்குள் ஒரு வளையம் உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 5: உடைந்த நுனி

பிக்ஹார்ன் கிடாக்களில் வயதானவற்றுக்கு நுனி முழுதாக இருப்பது அபூர்வம். மோதலிலும் பாறையிலும் உடைந்து தேய்ந்து மழுங்கிவிடும். நுனியோடு முதல் வளையம் போகும். பலமாக உடைந்திருந்தால் இரண்டாவதும் போகும்.

இங்கே இரண்டு கொம்புகள் இருப்பது பெரிய உதவி. இரண்டும் ஒரே அளவில் உடைவதில்லை. இடக் கொம்பையும் வலக் கொம்பையும் அடியிலிருந்து ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். ஒரே குளிர்காலம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வளையம் போட்டிருக்கும். இடதில் அடியிலிருந்து ஏழாவது வளையத்தோடு கொம்பு முடிந்துபோய், வலதில் எட்டாவதும் தெரிந்தால், இடது இழந்ததை வலது சொல்லிவிட்டது. ஒரு கொம்பில் நீங்கள் சந்தேகப்பட்ட பொய் வளையமும் இப்படித்தான் பிடிபடும். மற்றக் கொம்பில் அதற்கு இணை இருக்காது.

இரண்டுமே உடைந்திருந்தால்? மிஞ்சியிருக்கும் முதல் கணுவிடையின் பருமனைப் பாருங்கள். முனை கட்டை விரல் பருமனுக்கு மேல் மொத்தையாக இருந்தால் குட்டி நுனி எப்போதோ போய்விட்டது என்று பொருள். எத்தனை வளையம் போயிற்று என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ‘குறைந்தது 8’ என்று எழுதுங்கள். ‘9 இருக்கலாம்’ என்று தோன்றினால் அதைத் தனியாகக் குறியுங்கள். எண்ணியதையும் ஊகித்ததையும் ஒரே எண்ணாக்கி எழுதிவிட்டால் பின்னால் வருகிறவருக்கு எது எது என்று பிரிக்க வழியே இல்லை.

படி 6: வளையத்தை வயதாக்குவது

குட்டி ஜூனில் பிறந்தது என்று கொள்ளுங்கள். முதல் குளிர்காலத்தில் அதற்கு அரை வயது. ஐந்தாவது குளிர்காலத்தில் நாலரை. ஆகவே 5 வளையம் உள்ள கிடாவை செப்டம்பரில் பார்த்தால் வயது 5 முடிந்து மூன்று மாதம். நவம்பரில் பார்த்தால் ஐந்தரை. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் வளையங்களின் எண்ணிக்கையே முடிந்த ஆண்டுகளின் எண்ணிக்கை.

தடுமாறவைப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. நடப்புக் குளிர்காலத்தின் வளையம் அப்போது மயிர் விளிம்பில்தான் இருக்கும். புதிய வளர்ச்சி கீழிருந்து வெளிவராதவரை அது வளையமாகத் தெரியாது. மார்ச்சில் 4 வளையம் தெளிவாகத் தெரிகிற கிடாவுக்கு வயது 4 முடிந்து ஒன்பது மாதம், ஐந்தை நெருங்கிவிட்டது. பார்த்த தேதியை எழுதாமல் வளையத்தை மட்டும் எழுதிவைத்தால் ஓராண்டு பிசகும் என்பது இதனால்தான்.

மலையில் உயிரோடு நிற்கும்போது

கொம்பைக் கையில் வைத்துப் பழகிய பிறகு வெளியே போங்கள். பான்ஃப் தேசியப் பூங்காவில் மினிவாங்கா ஏரிப் பக்கத்துச் சாலையும், ஜாஸ்பரில் 16-ஆம் எண் நெடுஞ்சாலையோரமும் பிக்ஹார்ன்களைப் பார்க்க நல்ல இடங்கள். செம்மறிகளிடமிருந்து 30 மீட்டராவது தள்ளி நில்லுங்கள் என்பது பூங்கா நிர்வாகத்தின் அறிவுரை. சாலையோரத்தில் உப்பு நக்க வரும் கிடா பக்கத்தில் வந்து நின்றாலும் காரை விட்டு இறங்காதீர்கள், எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள். வண்டிகளுக்குப் பழகிய செம்மறி கடைசியில் வண்டியிலேயே அடிபடும்.

நிறையப் படம் எடுங்கள். கிடா தலையைத் திருப்பும்போது இடம், வலம், பின்புறம் மூன்றும் கிடைக்க வேண்டும். காலை, மாலைச் சாய்வெயிலில் வளையங்களின் நிழல் நன்றாக விழும். நண்பகலில் எடுத்தவை எனக்கு அநேகமாகப் பயன்பட்டதே இல்லை. ஒரே படத்தை வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

பெட்டைகள்

பெட்டையின் கொம்பு சிறியது, மெலிந்தது, லேசாகப் பின்னால் வளைந்தது. முதல் நாலைந்து வளையங்கள் வரை எண்ணலாம். அதற்குப் பிறகு ஆண்டு வளர்ச்சி மிகக் குறைவு என்பதால் வளையங்கள் மயிர் விளிம்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றாகத் தெரியும். ‘4-க்கு மேல்’ என்று எழுதுவது நேர்மையானது. இளங்கிடாவைப் பெட்டை என்று மயங்குவதும் உண்டு. ஒரு வயதுக் கிடாவின் கொம்பு வளர்ந்த பெட்டையின் கொம்பை ஒத்திருக்கும். அடிப் பருமனைப் பாருங்கள், கிடாவுடையது தடித்திருக்கும்.

பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லும் நம் ஊர் ஆட்டுக்காரர்களின் முறை இங்கேயும் செல்லும். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று காட்டுச் செம்மறியும் நாட்டுச் செம்மறிபோலவே பால்பல் விழுந்து முளைக்கிறது. ஆனால் நாலு வயதுவாக்கில் எட்டும் முளைத்துவிட்டால் அந்தக் கணக்கு முடிந்தது. கிடாக்களில் கொம்பு கைகொடுப்பது அதற்குப் பிறகுதான். இறந்த பெட்டையின் வயதுக்கு ஆய்வுக்கூடத்தில் முன்பல்லின் வேரை மெல்லிய சீவலாக வெட்டி, அதன் மேல் ஆண்டுதோறும் படியும் சிமென்டப் படலங்களை நுண்ணோக்கியில் எண்ணுகிறார்கள்.

இந்த எண் எதற்குப் பயன்படுகிறது

கனடிய விலங்கியலாளர் வலேரியஸ் கைஸ்ட், பிக்ஹார்னின் கொம்புக் கணுவிடைகளை எண்ணி வயது சொல்வது எந்த அளவு நம்பத்தக்கது என்று 1966-லேயே எழுதினார். இன்று இது சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. அலாஸ்காவில் டால் என்ற வெண்ணிறக் காட்டுச் செம்மறியின் கிடாவை வேட்டையாட அனுமதி உள்ள பெரும்பாலான இடங்களில், கொம்பு முழு வட்டம் வளைந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு நுனியும் உடைந்திருக்க வேண்டும், அல்லது வளையக் கணக்கில் கிடாவுக்கு 8 வயதாவது ஆகியிருக்க வேண்டும். டால் செம்மறியின் கொம்பு மஞ்சள் சாயல் கொண்டது. வளையங்கள் கறுத்துத் தெரிவதால், கற்றுக்கொள்ள பிக்ஹார்னைவிட எளிது. வெப்பமான தென்மேற்கு அமெரிக்காவின் பாலைவன பிக்ஹார்னில் நிலைமை நேர்மாறு. அங்கே குளிர்காலம் கடுமையில்லை, வளையங்களும் அவ்வளவு தெளிவாக விழுவதில்லை.

ஆல்பர்ட்டாவில் ராம் மலையில் 1971 முதல் பிக்ஹார்ன்களை அடையாளமிட்டுத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே வேட்டைக்கு உரிய கிடாவைத் தீர்மானித்தது கொம்பின் வளைவு. வேகமாகக் கொம்பு வளர்ந்த கிடாக்கள் நாலைந்து வயதிலேயே அந்த வளைவை எட்டி, பெருங்கொம்பின் பலனாகப் பல குட்டிகளுக்குத் தந்தையாகும் முன்பே சுடப்பட்டன. மெதுவாக வளர்ந்தவை தப்பித்தன. ஏறக்குறைய 30 ஆண்டுகளில் அந்தக் கூட்டத்தின் கிடாக்களுக்குக் கொம்பும் உடல் எடையும் குறைந்துவந்ததை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. ரேடியம் ஹாட் ஸ்பிரிங்ஸில் நான் பார்த்த அந்த அழகான ஐந்தரை வயதுக் கிடாவை நினைக்கும்போதெல்லாம் இந்த ஆய்வும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

நோட்டில் எழுதும் முறை

தேதி, இடம், கிடாவா பெட்டையா, இடக் கொம்பு வளையம், வலக் கொம்பு வளையம், நுனி முழுதா உடைந்ததா, கையால் எண்ணியதா படத்தில் எண்ணியதா, இவ்வளவும் ஒரு வரியில் அடங்கும். முதல் பத்துக் கொம்புகளை நுனியிலிருந்து அடிக்கு ஒரு முறையும், அடியிலிருந்து நுனிக்கு மறுநாள் ஒரு முறையும் எண்ணுங்கள். முந்தைய நாள் எண்ணைப் பார்க்காமல் எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் சராசரி எடுக்காதீர்கள். எந்தக் கோட்டில் பிரிந்தீர்கள் என்று கண்டுபிடித்து, டார்ச்சை மறுபடி சாய்த்து அடித்து அந்தக் கோட்டைப் பாருங்கள்.